மகள் மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நாங்கள் வரன் பார்க்க ஆரம்பித்த நேரத்தில், சிஸ்டராக, அதாவது கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்கிறாள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. சேவைதான் ஆசை என்றால் வீட்டில் இருந்தே செய்யக் கூடாதா? போனால் பிள்ளையை மறுபடி பார்க்க முடியுமா? பிடிக்காவிட்டால் திரும்ப விடுவார்களா? அவள் சம்பளம் யாருக்குப் போகும்?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் முதல் கேள்வியை அப்படியே மகளிடம் கேளுங்கள், கோபமில்லாமல். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வார்த்தைப்பாடு (துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) தேவையில்லை. அவள் இப்போதே அதைத்தான் செய்கிறாள். மடத்தில் அவளுக்குப் புதிது, குழும வாழ்வு. தான் தேர்ந்தெடுக்காத நாலைந்து பெண்களோடு ஒரே வீடு. விடியற்காலை செபம், பூசை. அப்புறம் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு, ஒருவர் டிஸ்பென்சரிக்கு, ஒருவர் விடுதிப் பிள்ளைகளிடம். பஸ் காசைக்கூட மடத்துத் தலைவியான மதரிடம் வாங்கிப் போய், வந்து கணக்குச் சொல்ல வேண்டும். ஊர் ஜனம் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியபின் மாற்றல் கடிதம் வந்தால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தொழுநோய்ப் புண்ணை முகம் சுளிக்காமல் கழுவுகிறவருக்கும், சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரைப் பொறுத்துக்கொள்வது பெரும்பாடாக இருக்கலாம். இதற்கு உங்கள் பெண் தயாரா என்பதுதான் விஷயம்.

பார்க்க முடியுமா என்கிறீர்கள். 1928-ல் 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்னை தெரசா, அதன்பின் தன் தாயைப் பார்க்கவே இல்லை. உங்கள் பயம் அந்தக் காலத்துப் பயம். இன்று ஃபோன் இருக்கிறது, விடுமுறை இருக்கிறது. ஆனால் விதி ஒவ்வொரு துறவறச் சபைக்கும் மாறும். கார்மேல் மடம் போன்ற அடைப்பு மடங்களில் வெளியே வருவதே அபூர்வம். ஆகவே எந்தச் சபை என்று முதலில் கேளுங்கள். எஃப்.எம்.எம். என்ற ஃபிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி சபை 1877-ல் நம் ஊட்டியில் பிறந்தது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி அவர்களுடையதுதான். அன்னை தெரசாவின் சபையோ பரம ஏழைகளுக்கு இலவசமாகப் பணிசெய்வதையே நான்காவது வார்த்தைப்பாடாக வைத்திருக்கிறது. ஒரு நர்ஸுக்கு இரண்டும் ஒன்றல்ல.

திரும்பி வரலாம். வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியான நவதுறவுக் காலமே குறைந்தது ஒரு வருடம். அதற்கு முன்பும் பயிற்சி உண்டு. பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது மூன்று வருடம், பெரும்பாலும் ஆறு வருடத்துக்குள். அது முடிகிறபோது, வேண்டாம் என்றால் வந்துவிடலாம். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு வெளியே வர ஆயரிடமோ (பிஷப்) ரோமில் உள்ள திருச்சபைத் தலைமையிடமோ அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: வெளியே வருகிறவர் அத்தனை வருட உழைப்புக்கு இவ்வளவு கொடுங்கள் என்று உரிமையோடு கேட்க முடியாது. சபை நியாயமாகவும் அன்பாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், அவ்வளவுதான்.

சம்பளம் சபைக்குத்தான். அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்யும் சிஸ்டர்களின் சம்பளம் சபைக்குப் போவதால் வரி பிடிக்கக் கூடாது என்று வழக்கு நடந்தது. பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் அது சரிதான். சபைக்கு வரும் சம்பளப் பணத்தில்தான் மடத்துச் சாப்பாடு முதல் வயதான சிஸ்டர்களின் மருந்து வரை நடக்கிறது. உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் கடனோ தம்பி படிப்போ இருந்தால், இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

சேர்வதற்கு முன் நீங்களும் ஒருமுறை அந்த மடத்துக்குப் போங்கள். வரவேற்பறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடாமல், படுத்த படுக்கையாக இருக்கும் மூத்த சிஸ்டர்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். படுக்கை விரிப்பு எப்படி இருக்கிறது, இளையவர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் மகளின் முதுமையும் அங்கேதான். அவள் அப்பாவையும் கூட்டிப்போங்கள், பேசாவிட்டாலும் பார்க்கட்டும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: எங்கே போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம். மடத்துக்குள்ளும் அது வேண்டும், வெளியே வந்தாலும் வேண்டும்.