தோல் கம்பெனி ஃபைல்களும் ஓவிய வியாபாரியின் கடிதங்களும்

வணக்கம்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கரஸ்பாண்டன்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நியூயார்க்கில் ஓவியம் விற்ற ஒரு கடையின் பழைய கணக்குகளையும் கடிதங்களையும் அமெரிக்காவின் கெட்டி ஆய்வு நிறுவனம் வாங்கிப் பாதுகாப்பதாக எழுதியிருந்தீர்கள். ஓவியத்தைப் பாதுகாப்பது சரி. 'தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு இன்ன கப்பலில் வருகிறது' என்கிற தாள்களில் அப்படி என்ன இருக்கப்போகிறது? அதைப்போல ஆயிரக்கணக்கில் டைப் அடித்தவன் நான். எங்கள் கம்பெனியை மூடியாகிவிட்டது. முதலாளியின் மகன் எல்லா ஃபைலையும் எடைக்குப் போடப்போகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

வாசகர், வாலாஜாபேட்டை
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

ஐயா,

வருத்தமில்லை என்பதை நான் நம்பவில்லை. இல்லாவிட்டால் எனக்கு எதற்குக் கடிதம்?

அந்தக் கடையின் பெயர் நோட்லர். 1846இல் பாரிஸின் கூப்பில் நிறுவனத்தினுடைய நியூயார்க் கிளையாகத் தொடங்கி, பின்னால் தனிக்கடையானது. 2011இல் மூடினார்கள். மறு ஆண்டே சரக்குப் பதிவேடு, பேரேடு, கடித நகல் எல்லாம் கெட்டிக்குப் போய்விட்டன. அந்தக் காலத்து நகல் எப்படி எடுத்தார்கள் என்பது உங்களுக்குப் பிடிக்கும். மையில் எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து இரும்பு அச்சில் அழுத்துவார்கள். எழுத்து இடவலம் மாறி இறங்கும். தாள் மெல்லியது என்பதால் பின்பக்கமிருந்து நேராகப் படிக்கலாம். உங்கள் கார்பன் ஆபீஸ் காப்பிக்கு அதுதான் பாட்டன்.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். வாடிக்கையாளருக்கு அச்சடித்துக் கொடுக்கும் கேட்டலாக்கில் வியாபாரி என்ன வேண்டுமானாலும் எழுதுவான். பங்காளிக்கும் கிளை மேனேஜருக்கும் எழுதும்போது அப்படி எழுத முடியாது, பணம் போய்விடும். டுவீன் சகோதரர்கள் என்ற பெரிய கலை வியாபார நிறுவனத்தின் காகிதங்களும் கெட்டியில்தான் இருக்கின்றன. இத்தாலிய ஓவியங்களில் எது யார் வரைந்தது என்று சொல்வதில் பெர்னார்ட் பெரன்சனுக்கு மிஞ்சிய ஆள் அன்று இல்லை. அவருடைய சொல்லை வைத்துக் கோடீஸ்வரர்கள் வாங்கினார்கள். அதே பெரன்சனுக்கு 1912 முதல் டுவீனோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தது, லாபத்தில் பங்கும் போயிற்று. நிறுவனத்தின் காகிதங்களில் அவருக்கு 'டோரிஸ்' என்று பெண் பெயர்! நடுநிலை நிபுணர் என்று பெயரெடுத்த மனிதரின் இன்னொரு கணக்கு இந்த மாதிரிக் காகிதங்களால்தான் வெளியே வந்தது.

நோட்லர் கதை இதைவிட விசித்திரம். கடிதமாக எழுதிக் குவித்த கடை அது. கடைசிக் காலத்தில், பெயர் சொல்லாத ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தவை என்ற வாய்ப்பேச்சை நம்பி, ஒரு ரசீது கூட இல்லாத ஓவியங்களை விற்றது. எல்லாம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒருவர் வரைந்த போலிகள். கொண்டுவந்து கொடுத்த பெண்மணி 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ரசீது கேட்கும் வழக்கம் உங்கள் டிபார்ட்மெண்டில் இருந்திருக்கும், அங்கே இல்லாமல் போயிற்று.

இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடும் காவேரிப்பாக்கம். வாஷிங்டன், மினியாபொலிஸ், டெட்ராய்ட், டொராண்டோ, லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யோகினிகள் என்ற பெண் தெய்வங்களின் சிற்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே கோயிலில் இருந்தவை. அந்தக் கோயில் காஞ்சிபுரம் பக்கமா காவேரிப்பாக்கமா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த துப்ராய், பல்லவர் கலை பற்றி அருமையாக எழுதியவர், 1926இல் இவற்றைத் திரட்டிப் பாரிஸில் இருந்த லூ என்ற சீன வியாபாரிக்கு அனுப்பினார். லூ அவற்றைப் பிரித்துப் பிரித்து விற்றார். சிதறிய சிற்பங்களில் 19ஐ ஒரே குடும்பமாக அடையாளம் காட்டியவர் கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல். வியாபாரத்தின் காகிதத் தடம் இருந்ததால்தான் அது நடந்தது. துப்ராய் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு. ஆனால் அந்தத் தடத்தில் விற்றவரும் வாங்கியவரும்தான் பேசுகிறார்கள். கல்லைத் தூக்கி வண்டியில் ஏற்றிய ஊர் பேசவில்லை.

கடிதம் என்றாலே உண்மை என்றும் சொல்லமாட்டேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது, பல ஆண்டுகளுக்கு முன்பே அது இந்தியாவை விட்டு வந்துவிட்டதாகக் காட்டும் காகிதம் கூடவே வந்தது. 1994இல் அதே நடராஜர் கோயிலிலேயே இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் காட்டியது. 2014இல் சிலை திரும்பி வந்தது. அதனால்தான் ஒற்றைக் காகிதத்துக்கு மதிப்புக் குறைவு. வந்த கடிதம், அதற்குப் போன பதில், பேங்க் தாள், ஷிப்பிங் பில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும்.

இப்போது உங்கள் ஃபைல்களுக்கு வருகிறேன். எழுபதுகளில் அரைப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது லண்டன் பார்ட்டிக்கு என்ன எழுதினீர்கள்? பாலாறு மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, அந்த மாதங்களில் வெளிநாட்டுக்குப் போன கடிதங்கள் என்ன சொல்கின்றன? பத்திரிகைக்குச் சொன்னது வேறாக இருந்திருக்கும். வட ஆற்காட்டின் ஐம்பது வருஷம் அந்த அலமாரியில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலாளியின் மகனோடு சண்டை போடவேண்டாம். எல்லாம் வைக்க இடமில்லை என்றால் வவுச்சரும் பெட்டி கேஷும் எடைக்குப் போகட்டும். தரம் குறைவு என்று கிளெய்ம் வந்த ஃபைல்கள், பேரம் பேசிய கடிதங்கள், டெலக்ஸ் சுருள்கள் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கோர்த்த கயிற்றை அவிழ்த்து தேதிப்படி புதிதாக அடுக்காதீர்கள், பழைய வரிசையே ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிடலாம், செல்லோ டேப் மட்டும் ஒட்டவே கூடாது. எந்த ஃபைலில் எது இருக்கிறது, கடிதத்தில் வரும் சுருக்கெழுத்துகள் யாரைக் குறிக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சென்னையில் எந்த நூலகம் எடுத்துக்கொள்ளும் என்று நான் விசாரிக்கிறேன். எத்தனை அலமாரி என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.