புன்டா கானா போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

ரொறன்ரோவில் ஜனவரி பிறந்தாலே எங்கள் சனத்தின் பேச்சு டொமினிக்கன் குடியரசின் கிழக்குக் கரையிலுள்ள புன்டா கானா பக்கம் திரும்பிவிடும். விமானத்தில் ஏறி நாலரை மணி நேரத்தில் பனியை விட்டு தென்னை நிழலுக்குப் போய்விடலாம். 2011 முதல் ஒன்பது தடவை போய்வந்திருக்கிறேன். கைக்குழந்தையோடு போயிருக்கிறேன், மாமியாரோடு போயிருக்கிறேன், ஒரு கலியாணத்துக்காக நாற்பது பேரோடும் போயிருக்கிறேன். கேட்ட எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, படத்தில் எல்லா ஹோட்டலும் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. எந்தப் பக்கம் எடுப்பது?

பதில்: அறையைப் பார்ப்பதற்கு முதல் கடலைப் பாருங்கள். புன்டா கானா என்று பொதுவாகச் சொன்னாலும் அது நீளமான கரை. பவரோ பக்கம் கரைக்கு வெளியே பவளப்பாறை இருப்பதால் அலை உடைந்து, தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக வரும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் நல்லது. வடக்கே உவேரோ ஆல்டோவில் ஹோட்டல்கள் புதிது, விலையும் சில நேரம் குறைவு. ஆனால் அலை முரட்டுத்தனம், சிவப்புக் கொடி ஏற்றிய நாட்களில் கடலில் கால்கூட வைக்க முடியாது. விமான நிலையத்திலிருந்தும் தூரம்.

இன்னொன்று. புன்டா கானா ஹோட்டல்களில் பெரும்பாலானவை அட்லாண்டிக் பக்கம் பார்த்தவை. உண்மையான கரீபியன் கடல் வேண்டுமென்றால் தெற்கே பயாஹிபே போக வேண்டும், வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஹோட்டல்கள் குறைவு, கடைத்தெருவும் சின்னது. ஆனால் தண்ணீர் குளம் மாதிரி. என் மனது அங்கேதான்.

கேள்வி: போன வருடம் ஜூலையில் போனோம். கடற்கரை முழுக்கப் பழுப்பு நிறப் பாசி, அழுகின முட்டை மணம். இந்த முறையும் அப்படித்தான் இருக்குமா?

பதில்: நீங்கள் பார்த்தது சார்காசம். கரையில் வளர்வதில்லை, நடுக்கடலில் மிதந்துகொண்டே பெருகி, காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ளக் கரைக்கு வருவது. கரீபியனுக்கு இவ்வளவு பெருந்தொகையாக வரத் தொடங்கியது 2011இல்தான், நான் முதல் தடவை போன வருடம். அப்போது ஹோட்டல்காரர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. கரையில் குவிந்து அழுகும்போது வாயு கிளம்புகிறது, அதுதான் அந்த மணம்.

பொதுவாக ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதிகம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குறைவு. கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் பயாஹிபே எடுங்கள். அந்தக் கரை திரும்பியிருக்கும் கோணத்தால் பாசி அங்கே குறைவாகத்தான் வரும். பவரோவிலேயே இருக்கப் போகிறீர்களென்றால், கடலில் மிதவைத் தடுப்பு போட்டிருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு நாள் நித்திரை வராமல் விடியற்காலை கரைக்குப் போனேன். இருபது பேர் அளவில் வரிசையாக நின்று முள்வாரியால் பாசியை இழுத்து இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நனைந்த பாசி சரியான பாரம், ஒவ்வொரு வாரலுக்கும் உடம்பு முழுக்க வளைகிறது. எட்டு மணிக்கு விருந்தாளிகள் துவாயோடு வரும்போது மணல் வெள்ளையாக இருந்தது, அந்த ஆட்களைக் காணவில்லை. அதற்குப் பிறகு நான் கரையைப் பற்றி வரவேற்பு மேசையில் சத்தம் போட்டதில்லை.

கேள்வி: செப்டம்பரில் விலை பாதியாக இருக்கிறதே, போகலாமா?

பதில்: புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் உச்சம். போகலாம், ஆனால் பயணத்துக்குக் காசு கட்டும் அன்றே காப்புறுதியும் எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்புறுதி அந்தப் புயலுக்கு உதவாது.

கேள்வி: அம்மா சுத்த சைவம், முட்டையும் இல்லை. ஏழு நாளும் பாணும் பழமும்தானா?

பதில்: இல்லை, தங்கச்சி. என் மாமியாரும் அப்படித்தான், ஒரு நாளும் பசியோடு படுக்கவில்லை. ஆனால் நீங்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முதலில், ஸ்பானிய மொழியில் சைவம் என்பதற்கு 'வெஹெத்தாரியானோ' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். சிலருக்கு அது மாட்டிறைச்சி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கோழி அவித்த தண்ணீரில் சமைத்த பீன்ஸை நல்ல மனதோடு கொண்டுவந்து வைப்பார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் வேவோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் இல்லாமல் என்று அர்த்தம். தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். முதல் நாளே பஃபேயில் தலைமைச் சமையல்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எங்களோடு ஒருவர் கூடவே நடந்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, இது சரி, இது வேண்டாம் என்று காட்டினார். அடுத்த நாளிலிருந்து மாமியாரைக் கண்டதும் அவரே தனியாக ஒரு தட்டு எடுத்துவந்தார்.

காலையில் மங்கூ தேடுங்கள். பச்சை வாழைக்காயை அவித்து மசித்து, மேலே வினாகிரியில் புரட்டின சிவப்பு வெங்காயம் போடுவார்கள். பொரித்த வெள்ளைச் சீஸ் ஒரு துண்டோடு வயிறு நிறையும், பக்கத்தில் வைக்கும் சலாமி இறைச்சியை மட்டும் தவிருங்கள். பிறகு மோரோ தே குவாந்தூலெஸ். குவாந்தூலெஸ் வேறொன்றுமில்லை, எங்கள் துவரைதான். இந்தியாவில் தோன்றி ஆப்பிரிக்கா வழியாக அங்கே போன பயறு, சோற்றோடு சேர்த்துச் சமைக்கிறார்கள், சில இடத்தில் தேங்காய்ப் பால் விட்டு. மூடியைத் திறந்ததும் அடித்த வாசனைக்கு மாமியார், 'இது எங்கட வீட்டுச் சோறு' என்றார். அதில் பன்றி இறைச்சி போடும் வழக்கமும் உண்டு, கேட்டுவிட்டே எடுங்கள்.

கேள்வி: அறை, சாப்பாடு, குடி எல்லாம் அடக்கமாக ஆளுக்கு இரண்டாயிரம் டொலர் அளவில் கட்டியிருக்கிறோம் அக்கா. கட்டின காசு முழுசாக வர என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, தட்டில் குவித்து அந்தக் காசை எடுக்கப் பார்க்காதீர்கள். இரண்டாம் நாளே வயிறு கெட்டு அறையில் படுத்தவர்கள் எங்கள் கலியாணக் கூட்டத்திலேயே ஆறு பேர். ஹோட்டலில் சேரும்போது அடையாளத்துக்குக் கையில் கட்டிவிடும் பட்டிக்குள் சாப்பாடும் குடியும் தவிர எவ்வளவோ அடக்கம். மோட்டார் இல்லாத படகு எல்லாம் பெரும்பாலும் இலவசம். கயாக், சின்னப் பாய்மரப் படகு, மீன் பார்க்கும் கண்ணாடி எல்லாம் கரைக் குடிலில் கிடக்கும். காலை ஒன்பது மணிக்குப் போனால் வரிசையே இல்லை, சொல்லித்தரவும் ஆள் இருப்பார்.

நீச்சல் குளத்தடியில் பச்சாத்தா ஆட்டம் சொல்லித்தருவார்கள். அது அந்த நாட்டின் ஆட்டம், 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாடசாலைக்குப் போக முந்தியே ஆடத் தொடங்கியவர்கள் உங்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறார்கள். வெட்கத்தை விட்டுப் போய் நில்லுங்கள்.

கேள்வி: இறங்கிய முதல் நாள் கட்டாயம் செய்ய வேண்டியது?

பதில்: புறப்படுமுன்பே ஈ-டிக்கெட் என்ற நுழைவுப் படிவத்தை அரசாங்கத் தளத்தில் நிரப்பி, வருகிற கியூஆர் குறியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையது அல்ல. ஹோட்டலில் பெட்டி வைத்த கையோடு, முன்பதிவு வேண்டிய உணவகங்களுக்குப் பதிவு செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் மிஞ்சுவது இரவு ஒன்பதரை மணி மேசைதான். குளிர்காலத்தில் அங்கே நேரம் ரொறன்ரோவைவிட ஒரு மணி முன்னால், மணிக்கூட்டை மாற்றுங்கள்.

அப்புறம், சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து நாளைக் காலை விசேஷ விருந்து, பரிசு உண்டு என்பார். அது விடுமுறை உறுப்புரிமை விற்கும் கூட்டம். எங்களிடம் ஒன்றரை மணி நேரம் என்று சொன்னார்கள், வெளியே வர நாலு மணி நேரம் போய்விட்டது. பிள்ளைகள் அழுகிற நிலை. 'நோ, கிராசியாஸ்' என்று சொல்லி நடந்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் அடக்கம் என்றால் டிப்ஸ் எதற்கு?

பதில்: விதி என்று ஒன்றில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் உங்கள் ஒரு டொலர் பெரிது. அமெரிக்க ஒரு டொலர் நோட்டு ஐம்பதை வங்கியில் மாற்றிக்கொண்டு போங்கள், அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்குத் தினமும் இரண்டு வையுங்கள். கனடியச் சில்லறை கொடுக்காதீர்கள். அங்கே வங்கி நாணயத்தை மாற்றித்தராது, அவர் கையில் அது வெறும் இரும்பு.

கேள்வி: ஹோட்டலை விட்டு வெளியே போவது ஆபத்தா?

பதில்: இரவில் தெரியாத தெருக்களில் அலையாதீர்கள், அவ்வளவுதான். ஏழு நாளில் இரண்டு நாளாவது வாசலைத் தாண்டுங்கள். பயாஹிபேயிலிருந்து படகில் சவோனா தீவுக்குப் போகலாம். வழியில் கடல் நடுவே இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிடுவார்கள், மணலில் நட்சத்திர மீன்கள் கிடக்கும். படத்துக்காக அதை வெளியே தூக்காதீர்கள், தண்ணீரை விட்டு எடுத்தால் அது செத்துவிடலாம். குனிந்து பாருங்கள், போதும்.

பெரியவர்களோடு போனால் இகுவே நகரத்தில் அல்தாகிராசியா மாதா பெருங்கோயில். நாட்டுக்கே காவலாக நினைக்கிற மாதா, ஜனவரி 21 திருநாள். இலங்கையில் மடு மாதா கோயிலுக்குப் போய்ப் பழகின எங்கள் சனத்துக்கு அந்தக் கூட்டமும் நேர்த்தியும் உடனே பிடிபடும்.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு, கனடா பி.ஆர். அட்டை இருக்கிறது. விசா வேண்டுமா?

பதில்: கனடா நிரந்தர வதிவிட அட்டை செல்லுபடியாக இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. காசு கட்டுமுன் விமான நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்கள். அமெரிக்கா வழியாக மாறும் மலிவுச் சீட்டு வேண்டாம், அதற்கு அமெரிக்க விசா கேட்பார்கள்.

கேள்வி: கடைசி நாள் அறையை மதியம் பன்னிரண்டுக்கு விட வேண்டும், விமானம் இரவில். என்ன செய்வது?

பதில்: பெட்டிகளை வரவேற்பில் கொடுத்துவிட்டுப் பட்டியோடு குளத்தடியிலேயே இருங்கள், பல ஹோட்டல்களில் வண்டி வரும்வரை சாப்பிடலாம். குளித்து மாற்றத் தனி அறை உண்டா என்று முதல் நாள் மாலையே கேளுங்கள். மாற்றுடுப்பும் கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். குளிர்ச்சட்டையையும் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். நாங்கள் ஒரு தடவை ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியபோது மைனஸ் பதினெட்டு, பிள்ளைகள் செருப்போடு நின்றார்கள், பெட்டி வர முக்கால் மணி நேரம் ஆனது.