கலங்கிப்போன பிபிசி-157 குப்பி: ஊசி போடலாமா?

குதிகால் தசைநாண் வலிக்கும் வயிற்றெரிச்சலுக்கும் பிபிசி-157 (BPC-157, செயற்கையாகச் செய்த பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு) தூளைக் கரைத்தீர்கள், கலங்கிவிட்டது, 10 யூனிட் ஊசி போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், கொட்டிவிடுங்கள். 5 மில்லிகிராம் தூளில் 2 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காகக் கரைந்தால் தெளிவாக இருக்கும். கலங்கினால் பெப்டைடு திரண்டிருக்கலாம், கிருமி இருக்கலாம், உள்ளே வேறு சரக்காகவே இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. காய்ச்சி வடித்த தண்ணீர் எல்லாம் ஊசிக்கான கிருமியற்ற தண்ணீர் ஆகாது.

கணக்கும் தவறு. 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் என்றால் 0.1 மில்லி. உங்கள் கரைசலில் அது 250 மைக்ரோகிராம், நீங்கள் நினைத்த 10 மைக்ரோகிராம் அல்ல.

பிபிசி-157 பலன் தரும் என்பதற்கான ஆதாரம் பெரும்பாலும் எலிச் சோதனைகள்தான். போட்டியில் ஓடுகிறீர்கள் என்றால் இன்னொன்று: வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை) 2022 முதல் இதைத் தடை செய்திருக்கிறது.

வயிற்றெரிச்சலுக்கு, மூன்று மாதமாகத் தினமும் விழுங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை மேல்தான் என் சந்தேகம். அதை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

குதிகால் தசைநாணுக்கு: படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். 15 தடவை வீதம் 3 சுற்று முட்டியை நீட்டி, 3 சுற்று லேசாக மடக்கி. காலை, மாலை, 12 வாரம். வலி குதிகால் எலும்பில் ஒட்டுமிடத்திலேயே என்றால் படி வேண்டாம், தரையிலேயே செய்யுங்கள். குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கினால் அங்கே தசைநாண் நசுங்கி வலி கூடும்.