ரெண்டு ஃபேனும் ஒரு ஃப்ளஷ் டேங்கும்: 560 யூனிட்டை 500-க்குள்ள கொண்டு வர்ற வழி

திண்டுக்கல்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, எங்க வீட்ல ஏசி கிடையாது. மூணு ஃபேன், பழைய ஃபிரிட்ஜ், 1 ஹெச்பி மோட்டார், டிவி, வாஷிங் மெஷின் அவ்ளோதான். பல்பு எல்லாம் எல்இடி மாத்தியாச்சு, ஃபோன் சார்ஜர கூட கழட்டி வைக்கிறேன், அப்படியும் ரெண்டு மாசத்துக்கு 560 யூனிட் வருது. எதை குறைக்கிறது?"

சார்ஜர விட்ருங்கம்மா. ஃபோன் மாட்டாம சும்மா சொருகி இருக்கிற சார்ஜர் ரெண்டு மாசத்துக்கு அரை யூனிட் கூட இழுக்காது. டிவிய ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு செட்டாப் பாக்ஸ அப்படியே விடுறோம் பாருங்க, அது 10 வாட்ஸ்னு வச்சாலே ராப்பகலா ஓடி 14 யூனிட் ஆக்கிடும், அதுக்கு ஒரு சுவிட்ச் போட்டா போதும்.

முதல்ல 560-ங்கிற நம்பர பாக்கணும். தமிழ்நாட்ல 500 தாண்டாத வரைக்கும் 101-லேர்ந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கு மட்டும் 2.35 ரூபாதான், 2024 ஜூலைல வந்த ரேட்ட வச்சு சொல்றேன். 501 ஆச்சுன்னா அதே நூறு யூனிட்டுக்கும் 4.70 போட்ருவாங்க, அதாவது ஒரே ஒரு யூனிட் தாண்டினதுக்கு 235 ரூபா தனியா போகுது, அது போக 500-க்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 8.40. கணக்கு போட்டா 500 யூனிட்டுக்கு 1805 ரூபா, உங்க 560-க்கு 2544. வெறும் 60 யூனிட்டுக்கு 739 ரூபா! அதனால பில்ல பாதியாக்குறேன்னு கிளம்ப வேணாம், ஒரு 80 யூனிட்ட எங்கயாவது புடிங்க.

அந்த 80 உங்க ஃபேன்லயே இருக்கு. சாதா சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல 75 வாட்ஸ் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேனே 67 யூனிட். பிஎல்டிசின்னு கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்ச ஃபேன் வருது, அது 30 வாட்ஸ்ல அதே காத்த குடுக்கும், 27 யூனிட்தான் ஆகும். மூணையும் மாத்த வேணாம், ஹால்ல ஒண்ணு, படுக்கிற ரூம்ல ஒண்ணு, ரெண்டு மாத்தினாலே 81 யூனிட் குறைஞ்சு 479-ல நிப்பீங்க, பில்லு 1673 ரூபா பக்கம் வரும். ஃபேன் ஒண்ணு 3000 ரூபான்னு வச்சா வெயில் கால பில்லு மாதிரியே வந்துட்டு இருந்தா ஒண்ணேகால் வருஷத்துல போட்ட காசு வந்துடும், பனிக்காலத்துல நீங்க ஏற்கனவே 500-க்குள்ளதான் இருக்கீங்கன்னா இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். வாங்கும்போது ஸ்டார் லேபிள் பாருங்க, 2023 ஜனவரிலேர்ந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். இன்னொண்ணு, பழைய ரெகுலேட்டர் வழியா பிஎல்டிசி ஃபேன ஓட்டாதீங்க, எலக்ட்ரீசியன்கிட்ட சொல்லி அத பைபாஸ் பண்ணிடுங்க.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு பத்து நிமிஷம் மீட்டர் முன்னாடி நில்லுங்க. அதுல ஒரு சிவப்பு லைட் சிமிட்டும், பக்கத்துல 3200-ன்னோ வேற நம்பரோ போட்டிருக்கும், அத்தனை தடவ சிமிட்டினா ஒரு யூனிட். வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு ஃபேன மட்டும் போடுங்க, 3200 மீட்டர்ல நிமிஷத்துக்கு நாலு தடவ சிமிட்டும். மோட்டார் போட்டா ஐம்பதுக்கு மேல, கிட்டத்தட்ட செகண்டுக்கு ஒண்ணு. ஃபிரிட்ஜையும் கழட்டி மொத்தமா ஆஃப் பண்ணின பிறகும் சிமிட்டிட்டே இருந்தா எங்கயோ லீக்கேஜ் இருக்கு, இல்ல உங்க லைன்ல வேற யாரோ இருக்காங்க, உடனே ஆள கூப்பிடுங்க.

மோட்டார்னதும் எங்க வீட்டு கதை ஞாபகம் வருது. ஊருக்கே இந்த வேலை பாக்குறவன் நான், எங்க வீட்டு பில்லு ஏறுனது ஏன்னு ரெண்டு பில்லு வரைக்கும் எனக்கு புரியல. கடைசில பாத்தா பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாம ஒழுகிட்டே இருந்திருக்கு, மேல தொட்டி காலியாக காலியாக ஆட்டோமேட்டிக் மோட்டார் தானா ஓடியிருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூட ஓடுனாலே ரெண்டு மாசத்துல 60 யூனிட். ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் சொட்டு நீலம் விட்டுட்டு அரை மணி நேரம் யாரும் போகாம பாத்துக்கங்க, ஃப்ளஷ் பண்ணாமலே கீழ நீலம் வந்தா வாஷர் போயிருச்சு. அத மாத்த பெருசா செலவு ஆகாது.

ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர வச்சு மூடி இழுங்க, வழுக்கிட்டு வந்தா ரப்பர் தளர்ந்து போச்சு. சுவத்த விட்டு நாலு விரக்கட தள்ளி வைங்க.

அப்புறம் பிளக்ல சொருகினா பில்லு குறையும்னு ஒரு பவர் சேவர் டப்பா விக்கிறாங்க, வாங்கிடாதீங்க. உள்ள ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும், வீட்டு மீட்டர் போடுற யூனிட் கணக்க அது தொடவே தொடாது.

ஈபி கார்டுல போன ரீடிங் தேதியும் நம்பரும் இருக்கும். 50-வது நாள் மீட்டர பாத்து கழிச்சுக்கங்க. 415 தாண்டியிருந்தா அந்த கடைசி பத்து நாள் வாஷிங் மெஷினையும் அயர்ன் பாக்ஸையும் கொஞ்சம் பாத்து போடுங்க. சிமிட்டல் எத்தனைன்னு எண்ணிட்டு, மீட்டர்ல இருக்கிற அந்த நம்பரையும் சேத்து எழுதி அனுப்புங்க, எது இழுக்குதுன்னு நான் பாத்து சொல்றேன்.