ஆர்ஓ வாங்கணுமா, கொதிக்க வச்சாப் போதுமா?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு ராதாபுரம் பக்கம். வாரத்துல ரெண்டு நாளு பஞ்சாயத்துக் குழாயில ஆத்துத்தண்ணி வரும், சம்புல புடிச்சு வச்சுக்கிடுவோம். அது தீந்துட்டுன்னா போர் தண்ணிதான், ஒரே உப்பு. என் மவனுக்கு நாலு வயசு, ஆறு மாசத்துல மூணு தடவ வயித்தால போயிட்டு, ஒரு தடவ டிரிப்ஸ் ஏத்த வேண்டியதாயிட்டு. துணியில வடிகட்டி கொதிக்க வச்சாப் போதும்னு அத்தை சொல்லுதாவ, எங்க வீட்டுக்காரவ உப்பை எடுக்குத ஆர்ஓ மெஷின் வாங்கிருவோம்ங்காவ, ஆர்ஓ தண்ணி குடிச்சா எலும்பு தேஞ்சிரும்னு பக்கத்து வீட்டு அக்கா பயங்காட்டுதாவ. நான் எதைக் கேக்க?

பதில்: தங்கச்சி, மூணு பேரு சொல்லுததுலயும் கொஞ்சம் நெசம் இருக்கு. ஆனா உங்க வீட்டுல ரெண்டு தண்ணி இருக்குல்லா, ரெண்டுக்கும் வியாதி வேற, மருந்தும் வேற. ஆத்துத்தண்ணில நாம பயப்படணும்னா கிருமிக்கு, போர் தண்ணில உப்புக்கு. இதைப் பிரிச்சுப் பாக்காமத்தான் நிறைய பேரு காசைக் கொட்டி மெஷின் வாங்கியும் புள்ளைக்கு வயித்துப்போக்கு நிக்கலியேன்னு வந்து நிக்காங்க.

மவனுக்கு திரும்பத் திரும்ப வாரது பெரும்பாலும் கிருமியாலதான் இருக்கும். தாமிரபரணி பொதிகையில இருந்து பாபநாசத்துக்கு எறங்கும்போது இருக்க தெளிவு வேற, அம்பாசமுத்திரம் சேரன்மகாதேவி திருநெல்வேலின்னு ஊர் ஊரா சாக்கடையும் சேந்து வந்த பெறகு இருக்கது வேற. அதை சுத்திகரிச்சு குளோரின் போட்டுத்தான் விடுதாங்க, ஆனா வாரத்துல ரெண்டு நாளு மட்டும் தண்ணி ஓடுத குழாய் மத்த நாளு காலியா கெடக்கும்போது எங்கயாவது ஓட்டை இருந்தா வெளிய இருக்க அழுக்கை உள்ள இழுத்துரும். அதுக்கப்புறம் உங்க சம்பு, அதுக்கு மூடி சரியா இருக்கா, செப்டிக் டேங்க் எவ்வளவு பக்கத்துல இருக்கு, கடைசியா எப்ப கழுவுனீங்க? இதை முதல்ல பாருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல எத்தனை வீட்டு சம்புல சாக்கடை ஏறுச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம்லா.

அத்தை சொல்லுத துணி வடிகட்டல் சும்மா இல்ல. வங்காளதேசத்துல பழைய சேலையை பல மடிப்பா மடிச்சு அதுல தண்ணிய வடிகட்டச் சொல்லி ஆராய்ச்சி பண்ணுனாங்க, காலரா ஏறக்குறைய பாதியா கொறஞ்சது, 2003ல அந்த முடிவு வந்துச்சு. காலரா கிருமி தண்ணில இருக்க நுண்ணுயிர்ப் பூச்சி மேல ஒட்டிக்கிட்டு இருக்கதால அந்தப் பூச்சியோட சேந்து துணியில மாட்டிக்கிடும். ஆனா டைபாய்டு கிருமியும் மஞ்சக்காமாலை வைரஸும் துணிக்குள்ள சாதாரணமா பூந்து வந்துரும், அதனால வடிகட்டுன பெறகு கண்டிப்பா கொதிக்க வைக்கணும். கொதிக்கதுன்னா ஓரத்துல ஆவி வந்ததும் அடுப்பை அமத்துறது இல்ல, தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷமாவது நிக்கணும்.

நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம் இருக்கு தங்கச்சி, உங்க வீட்டுலயும் இருக்கான்னு பாருங்க. கொதிச்ச தண்ணி சூடா இருக்குன்னு பச்சத்தண்ணி ஊத்தி விளாவி புள்ளைக்கு குடுக்கது. அந்த ஒரு செம்பு பச்சத்தண்ணில கொதிக்க வச்சது அத்தனையும் வீணாப் போச்சு! அதே மாதிரிதான் ஆறுன தண்ணிய பானையில ஊத்தி வச்சுட்டு ஆளாளுக்கு தம்ளரோட கைய விட்டுக் கோருதது. குழா வச்ச பானை, இல்லன்னா நீளமான பிடி போட்ட கரண்டி, இது ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே வாங்குங்க, ஆர்ஓவுக்கு முந்தி இதுதான்.

இனி போர் தண்ணி. கொதிக்க வச்சா உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் எதுவும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும். இதுக்குத்தான் ஆர்ஓ. ஆனா முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல பாப்பாங்க. இந்தியத் தரப்படி டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்க உப்போட மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும் விடுதாங்க. அதே மில்லிகிராம் கணக்குல ஃப்ளோரைடு 1, மிஞ்சிப்போனா 1.5. நைட்ரேட் 45. கிருமியப் பொறுத்தவரைக்கும் 100 மில்லியில மலத்துல இருந்து வார ஈகோலை கிருமி ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

மெஷின் விக்க வாரவங்க ரெண்டு கம்பிய தண்ணிக்குள்ள விட்டு கரண்ட் குடுத்து தண்ணி பழுப்பா மாறுததைக் காட்டுவாங்க, பாத்து பயந்துராதீங்க, அந்தக் கலரு பெரும்பாலும் கம்பியில இருக்க இரும்பு கரைஞ்சு வாரது. டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், மீட்டர்ல 80ன்னு காட்டுத தண்ணிலயும் டைபாய்டு கிருமி இருக்கலாம். ஆத்துத்தண்ணி டிடிஎஸ் 500க்கு கீழ இருந்தா அதுக்கு ஆர்ஓ தேவையே இல்ல, கிருமியக் கொல்லுத யூவி வெளிச்சமும், கிருமிய வடிகட்டுத யூஎஃப் சவ்வும் உள்ள ஃபில்டரே போதும். ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணி தர ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளும். நம்ம பக்கம் அது எவ்வளவு பெரிய நஷ்டம்னு சொல்லணுமா? போர் தண்ணியத்தான் குடிச்சாகணும்னா அதுக்கு மட்டும் போடுங்க, வெளிய வாரத வாளில புடிச்சு கக்கூஸ் கழுவ, தரை துடைக்க வச்சுக்கோங்க, உப்பு கூடுதலா இருக்கும், செடிக்கு ஊத்தாதீங்க.

எலும்பு விஷயம். ஆர்ஓ தண்ணில கால்சியம், மக்னீசியம் கொறையுறது உண்மைதான். ஆனா நமக்கு கால்சியம் பெரும்பாலும் சாப்பாட்டுல இருந்துதான் வருது. பால், கேப்பைக் கூழு, முருங்கைக்கீரை, முள்ளோட சாப்பிடுத நெத்திலி இதெல்லாம் வீட்டுல இருந்தா பக்கத்து வீட்டு அக்கா பயப்படுத அளவுக்கு ஒண்ணும் ஆகாது.

எந்த ஃபில்டர் வாங்குனாலும் கேண்டிலையும் மெம்பரேனையும் சொன்ன நேரத்துக்கு மாத்தணும், கழுவாத ஃபில்டர்ல கிருமி குடியேறிரும். ஃபில்டர்ல கார்பன் இருந்தா குளோரினை எடுத்துரும், வாடை போகும், கூடவே அந்தப் பாதுகாப்பும் போகும், அதனால அந்தத் தண்ணிய நாள்கணக்குல வைக்காம அன்னைக்கே குடிச்சிருங்க.

மவனுக்கு மறுபடி போச்சுன்னா ஒரு பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆற வச்ச தண்ணில மொத்தமா கரைச்சு, கொஞ்சங்கொஞ்சமா குடுங்க, பாதி பாக்கெட்டு பாதி தம்ளர்னு குத்துமதிப்பா கலக்காதீங்க, 24 மணி நேரம் ஆனா மீதிய ஊத்திட்டு புதுசா கரைங்க. துத்தநாகம் மாத்திரை 14 நாளு குடுக்கணும், அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ரத்தம் கலந்து போனாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலன்னாலோ, கண்ணு உள்ள போயி சோந்து கெடந்தாலோ ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடிருங்க. இப்ப நல்லா இருக்கான்னாலும் ஒரு தடவ மலம் டெஸ்ட் பண்ணிருங்க, மூணு தடவ வந்திருக்குல்லா, அமீபா, ஜியார்டியா மாதிரி குடல்ல தங்குத ஒட்டுண்ணி உள்ள இருந்தா தண்ணிய மாத்துனா மட்டும் போகாது, அதுக்கு தனியா மருந்து குடுக்கணும்.