எடைக்குப் போட வேண்டாம், அந்த லேத்துகளை

கேள்வி: கோவை கணபதியில் என் அப்பா நடத்திய லேத் (கடைசல் எந்திரம்) பட்டறை, அவர் மறைந்த பிறகு பூட்டியே கிடக்கிறது. மைஃபோர்ட் எம்.எல்.7 ஒன்று, சவுத் பெண்ட் 9 அங்குல லேத் ஒன்று, கடைய வேண்டிய துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குகள் நான்கைந்து, ஒரு பெட்டி நிறையப் பல்சக்கரங்கள், பெயர் தெரியாத சாமான்கள் இன்னும் எத்தனையோ. இரண்டு மாதத்தில் ஓசூரில் மகன் வீட்டோடு போய்விடுகிறோம். பழைய இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துக் கிலோ கணக்கில் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
ஒரு வாசகி, கோவை

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உங்களிடம் இருப்பவை இரண்டுமே சின்ன லேத்துகள். எடை போட்டால் கைக்கு வருவது சொற்பம். ஆனால் பழைய கார், மோட்டார் சைக்கிளுக்கு உதிரி பாகம் கடைந்து போடுகிறவர்களும், சுவர்க் கடிகாரம் பழுது பார்க்கிறவர்களும், நீராவி எந்திர மாதிரிகள் செய்கிறவர்களும் தேடுவது இந்த அளவு லேத்தைத்தான். மைஃபோர்ட் இங்கிலாந்தில் நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டனில் உருவானது, எம்.எல்.7, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த மாடல். சவுத் பெண்ட் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1906-இல் தொடங்கிய நிறுவனம். இரண்டுக்கும் இன்றைக்கும் உதிரி பாகம் வாங்குவோரும் விற்போரும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது விலையைப் பற்றி அல்ல, வீடு மாறும் அவசரத்தில் சாமான்கள் கலந்துபோவதைப் பற்றி. எது எந்த லேத்தைச் சேர்ந்தது என்பது தெரியாமல் போனால், நல்ல சக்கும் இரும்புத் துண்டாகிவிடும். ஆகவே விற்பதற்கு முன் பிரிக்க வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்த டர்னர் யாராவது இருந்தால் ஒருநாள் கூலி கொடுத்துக் கூட்டி வாருங்கள். அந்தக் கூலி வீண்போகாது.

சக்குகளிலிருந்து தொடங்குங்கள். பின்பக்கத்து மரையே அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். எம்.எல்.7-இன் ஸ்பிண்டில் (சக்கைத் தாங்கிச் சுழலும் தண்டு) முனை ஒன்றே அரைக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. சவுத் பெண்ட் 9 அங்குலத்தில் ஒன்றரை அங்குலம், 8 மரை. ஒன்றுக்கு உரியது மற்றதில் ஏறாது. பலவந்தமாக ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம். மூன்று தாடை சக் என்றால் வழக்கமாக இரண்டு செட் தாடைகள் இருக்கும். தாடைகளில் 1, 2, 3 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, அந்தந்தச் சக்கோடு கம்பியால் கட்டி வையுங்கள். ஒரு சக்கின் தாடையை இன்னொன்றில் மாட்டினால் கடைய வைக்கும் துண்டு சரியான மையத்தில் நிற்காது. தாடைகள் தொலைந்த சக்கை யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

பல்சக்கரப் பெட்டியை மிகுந்த பொறுமையோடு பாருங்கள். சவுத் பெண்டில் மூன்று ரகம் உண்டு. இடப்பக்கம் ஹெட் ஸ்டாக்குக்கு (ஸ்பிண்டிலைத் தாங்கும் பாகம்) கீழே, நெம்புகோலும் அட்டவணைத் தகடும் உள்ள கியர் பெட்டி இருந்தால் அது ஏ மாடல், அதற்குத்தான் விலை அதிகம். பி, சி மாடல்களில் பல்சக்கரங்களைக் கையால் மாற்றிப் போட வேண்டும். பெட்டியில் 127 பல் உள்ள சக்கரம் ஒன்று கிடைத்தால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையை இம்மி பிசகாமல் வெட்ட அந்தச் சக்கரம் வேண்டும். வாங்க வருகிறவர் கட்டாயம் கேட்பார்.

ஸ்டெடி, ஃபேஸ் பிளேட், சென்டர்கள், டூல் போஸ்ட் போன்ற துணைப் பாகங்கள் எல்லாம் அததன் லேத்தோடு போகட்டும். இரண்டுக்கும் பொதுவான டிரில் பிட், ரீமர், மைக்ரோமீட்டர், வெர்னியர் ஆகியவற்றைத் தனியே விற்கலாம். அப்பா கையால் தீட்டி வைத்த டூல்களில் சிலவற்றை மகனுக்காக எடுத்து வையுங்கள். அவை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கும், ஓசூர் வீட்டில் இடத்தை அடைக்காது.

அடுத்தது மின்சாரம். பட்டறை இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்பே விற்றுவிடுங்கள். ஓடிக் காட்டும் லேத்துக்கும் மூலையில் கிடக்கும் லேத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரியது. வெகுநாள் நின்ற எந்திரம் என்பதால் சுவிட்சைத் தட்டுவதற்கு முன் எண்ணெய் விட்டு, கையால் பலமுறை சுற்றிப் பாருங்கள். சக் சாவி சக்கிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது தெறித்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு லேத்திலும் சக் மரையில்தான் நிற்கிறது, ஆகவே எதிர்த்திசையில் ஓட்டிக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், சக் கழன்றுவரும்.

துருவுக்கு மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். பெட்டில் (லேத்தின் நீண்ட அடிப்பாகம்) உப்புத்தாள் தேய்க்கவே கூடாது. பெயின்டும் அடிக்க வேண்டாம். புதுப் பெயின்டைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவருக்கு எதையோ மறைக்கிறீர்கள் என்ற சந்தேகம்தான் வரும். தேய்மானத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். பெட் எப்போதும் சக் பக்கத்தில்தான் அதிகம் தேயும். டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் கேரியேஜை அங்கே ஆட்டமில்லாமல் இறுக்கி, சக்குக்கு எதிர்முனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்தினால் இறுகிப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு தேய்மானம். வாங்க வருகிறவர் அதைச் செய்து பார்க்கட்டும். புகைப்படத்திலும் அந்த இடம், பெயர்த் தகடு, பல்சக்கரப் பற்கள், சீரியல் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். சவுத் பெண்டின் எண் பெட்டின் டெயில் ஸ்டாக் பக்கத்து முனையில் பொறித்திருக்கும்.

விலை சொல்வதற்கு முன், எடைக்கு எவ்வளவு தருவார் என்பதை அந்த இரும்புக் கடைக்காரரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பிறகு ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவரிடமாவது விசாரியுங்கள். முதல் ஒரு மாதம் லேத்தையும் அதன் சாமான்களையும் ஒன்றாகவே விற்கப் பாருங்கள். "சக்கை மட்டும் கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் பேர் வாங்கி வையுங்கள், உடனே கொடுத்துவிடாதீர்கள். கடைசி இரண்டு வாரத்துக்கும் லேத் நிற்குமானால், அப்போது பிரித்துக் கொடுக்கலாம்.

ஏற்றும் நாளில் டெயில் ஸ்டாக்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். நைலான் பட்டையைப் பெட்டில் கட்டித்தான் தூக்க வேண்டும். லீட் ஸ்குரூவையோ ஸ்பிண்டிலையோ பிடித்துத் தூக்கினால் வளைந்துவிடும். லேத்தின் பாரம் மேல்பக்கம் இருப்பதால் எளிதில் கவிழும், யாரும் கீழே நிற்கக் கூடாது. பணம் முழுதும் கைக்கு வந்த பிறகே வண்டியில் ஏற்ற விடுங்கள்.