வானத்தைப் பார்த்து ஒரு மனு

கேள்வி: எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மின்சாரக் காத்தாடிதான். இது வந்த பிறகுதான் மழை போச்சு, இறக்கை மேகத்தைக் கலைத்துத் துரத்துகிறது என்று ஊரே சொல்கிறது. கலெக்டருக்கு மனுவும் எழுதி வைத்துவிட்டோம். காலேஜில் படிக்கும் என் மகன், "காற்றாலையோடு சண்டைக்குப் போன கிறுக்கன் கதை தெரியுமா?" என்று சிரிக்கிறான். நாங்கள் கிறுக்கர்களா? (நானும் ஒன்றரை ஏக்கர் காத்தாடிக்கு விற்றவன்தான்.)
ஒரு வாசகர், பெதப்பம்பட்டி (உடுமலை அருகே)

பதில்: கிறுக்கர்கள் இல்லை. ஆனால் அந்த மனுவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் மகன் சொல்வது ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் எழுதிய 'டான் கிஹோட்டே' நாவலை. 1605-ல் வந்த முதல் பாகத்தில், லா மாஞ்சா வெளியில் முப்பது நாற்பது காற்றாலைகளைப் பார்த்து அரக்கர்கள் என்று நினைத்து ஈட்டியோடு பாய்கிறார் கதாநாயகன் டான் கிஹோட்டே. சுழன்ற இறக்கை ஈட்டியை ஒடித்து, குதிரையையும் ஆளையும் சேர்த்து உருட்டிவிடுகிறது. எல்லோரும் கதையை இதோடு நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். கழுதையில் ஓடிவந்த அவருடைய ஏவலாள் சாஞ்சோ, நான்தான் அப்போதே சொன்னேனே என்கிறான். விழுந்து கிடந்தவரோ, என் பேரைக் கெடுக்க ஒரு மந்திரவாதி அரக்கர்களைக் காற்றாலைகளாக மாற்றிவிட்டான் என்கிறார். அடிபட்ட பிறகும் கதையை விடவில்லை!

மேகக் கதையில் நாமும் அப்படித்தான். 2005 ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாடே நனைந்து ஊறியதே, அப்போதும் காத்தாடிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. காத்தாடிதான் மேகத்தைக் கூட்டிவந்தது என்று அன்றைக்கு யாரும் தேங்காய் உடைக்கவில்லை.

நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். காத்தாடி வேகமாகச் சுற்றுவதோ வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. மழைக்காலத்தில் பெரும்பாலும் அது சும்மா நிற்கிறது. மழை மேகம் திரள்வது தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவிலும் அதற்கு மேலும். காத்தாடியின் இறக்கை நுனி அதில் கால் பங்கு உயரத்தைக்கூட எட்டாது. அப்புறம் அந்த ஆடிக்காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு நம் பக்கம் பாய்கிறது. அம்மியைப் பறக்கவிடும் அந்தக் காற்றில் ஈரம் கொஞ்சம்தான். உடுமலை, பல்லடம், தாராபுரம் காடுகள் (மானாவாரி நிலத்தைத்தான் நம் பக்கம் காடு என்போம்) காய்ந்து கிடந்ததற்கும், அங்கே காத்தாடி வந்ததற்கும் இதுவே காரணம். காற்று பலம், மரம் குறைவு, நிலம் மலிவு. நாம் காரணத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2002, 2003-ல் மழை பொய்த்தது, வெள்ளாமை போனது, காட்டை விற்றோம், விற்ற இடத்தில் காத்தாடி நின்றது. இப்போது காத்தாடியைக் காட்டி, இதனால்தான் மழை போச்சு என்கிறோம்.

சரி, அப்படியானால் ஏன் கிறுக்கர்கள் இல்லை என்றேன்? உங்கள் வயிற்றெரிச்சல் நிஜம். அதற்குக் காரணம் சொல்லும் கதைதான் தப்பு.

இங்கிலாந்தில் 1191-ல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் நிலம், வரி, அரவை எல்லாம் மடத்தின் கையில். குடிகள் மடத்துக்குச் சொந்தமான ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும், அரவைக்கூலியும் அங்கேதான் போகும். ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தன் நிலத்தில் ஒரு காற்றாலை கட்டிவிட்டார். காற்று இலவசம், அதன் பயனை யாருக்கும் மறுக்கக் கூடாது, என் தானியத்தை மட்டும்தான் அரைப்பேன் என்றார். மடாதிபதி சாம்சனுக்கு வந்ததே கோபம்! அந்தக் கட்டடம் இடிபடும் வரை ரொட்டி தின்ன மாட்டேன் என்று கடவுள்மேல் ஆணையிட்டார். இன்றைக்கு உன் தானியம், நாளைக்கு ஊர்த் தானியம் என்பது அவருக்குத் தெரியாதா? மடத்து ஆட்கள் வந்து இடிப்பதற்கு முன் ஹெர்பர்ட் தானே ஆள் வைத்துப் பிரித்துவிட்டார். அந்த மடத்துத் துறவி ஒருவரே இதை எழுதிவைத்திருக்கிறார். இந்தச் சண்டையில் அரக்கனும் இல்லை, மேகமும் இல்லை. காற்று யாருக்குச் சொந்தம், அரவைக்கூலி யார் பைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' நாவலிலும் (1945) இதே கதைதான். தொழுவத்துக்கெல்லாம் விளக்கு வரும் என்று சொல்லி மிருகங்களை உழைக்கவைத்துக் கட்டிய காற்றாலை, கடைசியில் தானியம் அரைத்து லாபம் பார்க்கத்தான் ஓடுகிறது. தொழுவம் இருட்டாகவே கிடக்கிறது. நம் பக்கத்துக்கு வருவோம். பஞ்சாலைக்காரர் தன் மில்லுக்கு மின்சாரம் வேண்டிக் காத்தாடி போட்டார். அதில் எனக்குக் குறையில்லை, பல ஊர்க்காரர்களுக்கு அந்த மில்லில்தான் சோறு. ஆனால் நம் காட்டைக் கண்ணால் பார்த்திராதவர்களும் போட்டார்களே, எதற்கு? தொண்ணூறுகளில் காத்தாடியின் முழு விலையையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வரி மிச்சம் பிடிக்க முடிந்தது. பிறகு சில வருஷம் அது 80 விழுக்காடாக இருந்தது. காற்றை நம்பி வந்தவர்களோடு வருமான வரிக்குப் பயந்து வந்தவர்களும் கலந்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் பெரியப்பா காட்டை ஒட்டி ஒரு காத்தாடி வந்தது. பஸ்ஸைவிட நீளமான இறக்கையை இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய வண்டித்தடத்தில்) எப்படிக் கொண்டுவருவது? இரண்டு பக்கமும் கிளுவை வேலியை அழித்து, செம்மண் கொட்டி, ஆள் இடுப்பு உயரத்துக்குத் தடத்தை மேடாக்கினார்கள். மழைத் தண்ணீர் இறங்கும் பள்ளத்துக்குக் குறுக்கே குழாய்கூடப் போடவில்லை. அடுத்த ஐப்பசியில் பெய்த தண்ணீர் தடத்துக்கு இந்தப் பக்கமே தேங்கி எங்கள் சோளத்தை அழுகவைத்தது. அந்தப் பக்கம் ஆடு மாடு குடிக்கும் குட்டைக்குச் சொட்டு வரவில்லை. குட்டை காய்ந்ததும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "காத்தாடி மழையைத் துரத்திருச்சுங்க." பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். கையெழுத்து வாங்கி மனு போனது. மேகம் என்ற வார்த்தையைப் படித்த அதிகாரி சிரித்து மூடிவைத்துவிட்டார். தடத்தில் இரண்டு குழாய் பதித்திருந்தால் தீர்ந்திருக்கும், ஆனால் குழாய் என்ற சொல் அந்த மனுவில் எங்கும் இல்லை. எல்லோரும் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தக் கம்பெனிக்கு ரொம்ப வசதி.

கொங்குக்காரனுக்குக் கணக்காகச் சண்டை போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள்; மின்சார யூனிட்டுக்கு ஏற்றிய ஒரு பைசாவைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். ஒரு பைசா! யாரும் சிரிக்க முடியவில்லை. 2018-ல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்தவர்களும், என் காட்டுக்குள் கோபுரம் வேண்டாம், கேபிளாகச் சாலையோரம் புதைத்துக்கொண்டு போ என்று இடத்தைச் சுட்டித்தான் கேட்டார்கள்.

ஆகவே மனுவைத் திருப்பி எழுதுங்கள். மேகத்தை அடித்துவிட்டு சர்வே எண்ணைப் போடுங்கள். புல வரைபடத்தில் ஓடை எங்கே இருக்கிறது, தடம் அதை எங்கே மறிக்கிறது, எத்தனை குழாய் வேண்டும், இரவில் சத்தம் எந்த வீட்டுக்குக் கேட்கிறது என்று எழுதுங்கள். மகனையே எழுதச் சொல்லுங்கள், சிரிக்கிற நேரத்தில் உதவட்டும். அதற்கு முன், அடைப்புக்குறிக்குள் கூச்சத்தோடு சொன்னீர்களே ஒன்றரை ஏக்கர், அதன் கிரயப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுங்கள். மாமூல் தடம் (வழக்கமாகப் போய்வரும் வழி) என்று எத்தனை அடி விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.